சுனிதா திருடனாக வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

சுனிதாவின் வீடு ஈஜிபுராவில். அவள் சமையல் வேலை செய்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அங்கிருந்து நடந்தால் இருபது நிமிஷம். காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டால் ஆறு மணிக்கு நிருபமாவின் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். பதினோரு வருஷமாக அதே நேரம், அதே வழி.

வழியில் முக்கால் பாகம் தொந்தரவில்லை. பால் பூத் இருக்கிறது, பேப்பர் கட்டுகளைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு டீக்கடை இருக்கிறது. கடைசியில் ஒரு மூடிப்போன பிஸ்கட் ஃபேக்டரியின் மதில் வரும். நீளமான மதில். ஐந்து விளக்குக் கம்பங்களில் இரண்டுதான் எரியும். அந்த மதிலோரம் திரிகிற ஆண்களை அவள் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல வகை பிரித்து வைத்திருந்தாள். வழி கேட்கிற மாதிரி வருகிறவன் ஒரு வகை. போனில் பேசுகிற மாதிரி வந்து உரசிக்கொண்டு போகிறவன் இன்னொரு வகை. மதிலைப் பார்த்து நின்றுகொண்டிருந்து, ஆள் வந்ததும் இந்தப் பக்கம் திரும்புகிறவன் மூன்றாவது.

இவர்கள் எல்லாரையும் விட மோசமானவன் ஸ்கூட்டர்காரன். அவனுடையது எலெக்ட்ரிக் வண்டி. பின்னால் வருவதே தெரியாது. காதுக்குப் பக்கத்தில், லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்களைப் போலக் கனிவாக, "ஹலோ மேடம்" என்பான். திரும்புவதற்குள் இடுப்புக்குக் கீழே பளீரென்று ஓர் அறை விழும். வண்டி போய்விடும். ஹெல்மெட் போட்டிருப்பதால் முகம் தெரியாது. சுனிதா மூன்று முறை வாங்கியிருந்தாள். முதல் முறை வீட்டில் போய்ச் சொன்னபோது, பெயிண்டர் வேலை செய்கிற அவள் புருஷன் ரவிக்குமார் வேலையை விட்டுவிடச் சொன்னான். அதனால் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அவள் சொல்லவில்லை.

இதெல்லாம் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. அங்கே பயம் வேறு வழியாக வந்தது. பெண்களின் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். தெருவில் நடந்துபோகிற ஒரு பெண்ணை ஒருவன் இழுக்கிறான். வீடியோவில் கார்கள் சாலையின் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தன. அது எந்த தேசமோ, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் குழுவில் வேறு பேச்சில்லை. மூன்றாம் நாள் மகளிர் அணிச் செயலாளர் ஸ்ரீலக்ஷ்மி, பள்ளிக்கூடத்தில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று அறிவித்தார். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் கேட்டுக்கு வெளியே தனியாக நடக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்கு கட்டடம் தள்ளியிருந்த கோயிலுக்குப் போகிறவள். இன்னொருத்தி நிருபமா; எப்போதாவது மெடிக்கல் ஷாப்புக்குப் போவாள். மற்றவர்கள் இந்த பேஸ்மென்ட்டில் காரில் ஏறி அந்த பேஸ்மென்ட்டில் இறங்குகிறவர்கள்.

பயிற்சி கொடுக்க லிங்கராஜபுரத்திலிருந்து ஓஸ்வால்ட் மாஸ்டர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, கறுப்பு பெல்ட், இருபத்தாறு வருஷமாகக் கராத்தே பள்ளி. வழக்கமாக அவருடன் ஓர் உதவியாளர் வருவார். உடம்பு முழுக்கப் பஞ்சு அடைத்த கவசமும் முகத்தை மூடிய ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, மாணவிகளிடம் அடிவாங்குவதுதான் அவர் வேலை. அந்த வாரம் அவர் வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கவசம் மட்டும் வந்தது. அது ஐந்தடிக்காரருக்கு அளவெடுத்துத் தைத்தது. பதினெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு நுழையவில்லை. மீதிப் பாதி அதன் வாசனையை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினார்கள். நிருபமாவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. மேலே எட்டாவது மாடியில் சுனிதா பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சுனிதா, அடுப்பை அணைச்சுட்டு கொஞ்சம் கீழ க்ளப் ஹவுசுக்கு வா" என்று போனில் சொன்னாள். "ஒண்ணுமில்ல, சும்மா திருடன் மாதிரி நிக்கணும்."

சுனிதாவுக்குக் கவசம் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

முதல் ஞாயிறு அமைதியாகப் போயிற்று. மாஸ்டர் சொன்னபடி அவள் எதிரிலிருந்து மெதுவாக நடந்து வந்து, இரண்டு கைகளையும் தூக்கி, கழுத்தைப் பிடிக்கிற மாதிரி நிற்கவேண்டும். பெண்கள் ஒவ்வொருவராக அவள் கையைத் தட்டிவிட்டு, உள்ளங்கையால் மூக்கில் ஒன்று, முழங்கையால் விலாவில் ஒன்று, குதிகாலால் பாதத்தில் ஒன்று என்று கொடுக்கவேண்டும். கொடுத்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் "ஸாரி சுனிதா" என்றார்கள். சுனிதா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "பரவால்லக்கா" என்றாள். ஐந்தாவது மாடியில் அவள் சப்பாத்தி போட்டுக்கொடுக்கிற வீட்டம்மா, சுனிதா தன் கழுத்தைப் பிடித்திருக்கும்போதே, செவ்வாய்க்கிழமை விருந்தாளிகள் வருவதால் சீக்கிரம் வர முடியுமா என்று விசாரித்தார். முடியும் என்று சுனிதா சொன்ன பிறகுதான் விலாவில் இடித்தார்.

இரண்டாவது ஞாயிறு மாஸ்டர் அதே பாடத்தை மறுபடி ஆரம்பித்தபோது சுனிதா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இப்படி எதிர்ல வந்து கையத் தூக்கிட்டு எவனும் நிக்கமாட்டான்."

வேறு எப்படி வருவான் என்று மாஸ்டர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செய்து காட்டட்டுமா என்று அவள் கேட்க, காட்டு என்று விட்டார்.

சுனிதா கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போனாள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. குக்கரை இறக்கப் போயிருப்பாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் உள்ளே வந்து, போனைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஸ்ரீலக்ஷ்மியின் முன்னால் நின்று, ஊருக்குப் புதியவளைப் போலத் திருதிருவென்று விழித்து, ஃபோர்த் கிராஸ் எந்தப் பக்கம் என்று கன்னடத்தில் கேட்டாள். ஸ்ரீலக்ஷ்மி முப்பது வருஷம் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகியவர். நேராகப் போய், இரண்டாவது இடது பக்கம் திரும்பி, அரச மரத்தைத் தாண்டி என்று கையை நீட்டி விளக்கத் தொடங்கினார். அவர் அரச மரத்தில் இருக்கும்போது, இன்னொரு கையிலிருந்த அவருடைய போனை சுனிதா எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, ஸ்ரீலக்ஷ்மி பார்மசிக்குப் பக்கத்துச் சந்து வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் ஆள் இல்லை என்பதைக் கவனித்தார்.

சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு முடிந்திருக்கும். ஆனால் சுனிதாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. க்ளப் ஹவுஸ் மூலையில் குழந்தைகள் காலால் உந்தி ஓட்டுகிற ஸ்கூட்டர் ஒன்று கிடந்தது. பெண்கள் வரிசையாக நின்று மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அதில் ஏறி, பின்பக்கமாகச் சத்தமில்லாமல் உருண்டு வந்து, "ஹலோ மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஆறு பேருக்கு வரிசையாக இடுப்புக்குக் கீழே ஓர் அறை வைத்துவிட்டு, தண்ணீர் கேன் பக்கத்தில் போய் நின்றாள்.

மாஸ்டரின் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. ஆறு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவருக்கு அழுகையே வந்துவிட்டது. வலி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் உடம்பு முழுக்க என்னவோ ஆகிவிட்டது என்றார். அன்று மத்தியானம் குழுவில் நாற்பது செய்திகள் வந்தன. விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்றார்கள். நிஜத் திருடன் இப்படியெல்லாம் செய்யமாட்டான், பாடத்தில் இல்லாததைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று ஸ்ரீலக்ஷ்மி எழுதினார்.

நிருபமா ஒன்றும் எழுதவில்லை. அவள் சமையலறைக்குப் போனாள். சுனிதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டு வேலை போயிற்றா இல்லையா என்று அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று நிருபமா கேட்டாள்.

"டெய்லி நடக்கறதுதானேக்கா."

பிறகு, பீன்ஸை நறுக்கியபடியே, மதிலைப் பற்றியும் ஸ்கூட்டர்காரனைப் பற்றியும் சொன்னாள். பால்காரர் கணக்குச் சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். நிருபமாவின் தாத்தா மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். மூன்று தலைமுறையாக அவர்களுக்கு இந்த ஊர். அந்த மதிலை அவள் காரிலிருந்து ஆயிரம் முறையாவது பார்த்திருப்பாள். அதன்மேல் யாரோ அழகாக மயில் படம் வரைந்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியேக்கா. ஆகஸ்ட்ல ஒரு நாள் ஏன் லேட்டுன்னு கேட்டீங்க. லேட்டாயிட்டுச்சுன்னு சொன்னேன். அன்னிக்கி அவன் ரெண்டு தடவ வந்தான். பால் பூத் பின்னாடி நின்னுட்டு வந்தேன்."

அந்த நாள் நிருபமாவுக்கு ஞாபகம் இருந்தது. எட்டு மணி மீட்டிங்குக்கு டிபன் இல்லாமல் போனதாகக் கடிந்துகொண்டிருந்தாள். இப்போது ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. பீன்ஸ் போதும் என்றாள்.

அன்று ஓஸ்வால்ட் மாஸ்டரும் லிங்கராஜபுரத்துக்குக் கலங்கிப்போய்த்தான் திரும்பினார். இருபத்தாறு வருஷமாக அவர் சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு பாடங்களிலும் எதிரி முன்னாலிருந்துதான் வந்தான். வந்து, மாணவி தயாராகிற வரைக்கும் காத்திருந்தான். ஸ்கூட்டரில் வருகிறவனுக்கு அவரிடம் பாடம் இல்லை. மறுநாள் நிருபமாவிடம் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர், அந்த வழியைக் கண்ணால் பார்க்காமல் இனி வகுப்பு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள், வழி அதன் இயல்பில் இருக்காது என்று நினைத்து, சொல்லாமலே செவ்வாய்க்கிழமை காலை ஈஜிபுராவுக்கு வந்து நின்றார்.

டிசம்பர் மாதம். அந்நேரத்துக்கு நல்ல குளிர். மாஸ்டர் கண் மட்டும் தெரிகிற மாதிரிக் குரங்குக் குல்லாவும், கழுத்தில் மப்ளரும், மகனுடைய கறுப்பு ஸ்வெட்டரும் போட்டிருந்தார். சுனிதாவுக்கு முப்பது அடி பின்னால் நடந்தார். அவள் வேகமாகப் போனால் வேகமாகப் போனார். அவள் நின்றால் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதினார்.

சுனிதா முதல் நாளே பார்த்துவிட்டாள். இது அவள் பட்டியலில் இல்லாத புது வகை. எழுதுகிறவனை அவள் பார்த்ததில்லை. இரண்டாம் நாளும் அவன் வரவே, மதில் முனையில் தெரு கூட்டுகிற லட்சுமம்மாவிடம் சொன்னாள். லட்சுமம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தத் தெருவை ஒன்பது வருஷமாகக் கூட்டுகிறவள். அதில் எந்தக் கல் புதிது என்று கூடத் தெரியும். அவள் விஷயத்தை இன்னும் மூன்று பெண்களிடம் சொன்னாள். மூவரும் அதே நேரத்தில் வெவ்வேறு வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வியாழக்கிழமை சுனிதா வழக்கம்போல முன்னால் நடப்பது, மற்றவர்கள் நிறுத்தியிருக்கிற தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்பது என்று ஏற்பாடாயிற்று.

வியாழக்கிழமை மாஸ்டர் லாரியைத் தாண்டியதும் லட்சுமம்மாவின் துடைப்பம் அவர் முழங்காலுக்குக் கீழே குறுக்காக விழுந்தது. ஆளுயரக் கழி வைத்த தெருத் துடைப்பம். கறுப்பு பெல்ட்காரர் மண்ணில் உட்கார்ந்தார். பெண்கள் மேல் கை வைக்கக்கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்று பிற்பாடு அவர் சொன்னார். ஆனால் துடைப்பத்துக்கும் அவரிடம் பாடம் இருக்கவில்லை என்பதே உண்மை.

"யாருய்யா நீ? மூணு நாளா பொம்பள பின்னாடி என்ன எழுதிட்டு வர்ற?" என்று லட்சுமம்மா கேட்டாள்.

மாஸ்டர் மப்ளருக்குள்ளிருந்து, அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான் வருகிறேன் என்றார். அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில்களில் இதைவிட மோசமானது இல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று லட்சுமம்மா இரண்டாவது தடவை துடைப்பத்தை வீசினாள். மற்ற மூவரும் டிபன் பைகளால் அடித்தார்கள்.

சுனிதா முன்னால் வெகுதூரம் போயிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தாள். அவள் வந்து சேருவதற்குள் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குக் கோபம் பொங்கியது. இந்த ஊரில் பெண்களுக்குப் பாதுகாப்பே இல்லாமல் போய்விட்டது, இப்படிப்பட்டவர்களைச் சும்மா விடக்கூடாது, உடனே போலீசுக்குப் போன் போடவேண்டும் என்றான். சொன்னதோடு நிற்காமல், கீழே கிடந்தவரின் குல்லாவைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தான்.

ஓஸ்வால்ட் மாஸ்டரின் மீசை வெளியே வந்தது. சுனிதா வாயைத் திறந்தாள். அவள் ஒன்றும் சொல்வதற்குள் சட்டைக்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஹலோ மேடம்," என்றான், கனிவாக. "நீங்க தைரியமா கம்ப்ளெயிண்ட் குடுங்க. நான் சாட்சி."

சுனிதாவின் வாய் திறந்தபடியே நின்றது. உடம்புக்கு முதலில் தெரிந்தது. பிறகு காதுக்குத் தெரிந்தது. பிறகு ஸ்கூட்டரைப் பார்த்தாள். சத்தமில்லாத வண்டி.

அவள் கத்தவில்லை. கூட்டம் மாஸ்டரைச் சுற்றி நின்றதால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. நடந்துபோய் ஸ்கூட்டரிலிருந்த சாவியை உருவி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"லட்சுமம்மா, அவர விடு. அவரு எங்க மாஸ்டரு. ஹலோ மேடம் இவன்தான்."

மற்ற மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்த ஒரு திரும்பலிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று. அவர்களில் யாருக்கும் "ஹலோ மேடம்" என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருக்கவில்லை. இதுநாள் வரை ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவன் சிரித்தான். உதவி செய்ய வந்தவனைப் போய் இப்படிச் சொல்கிறாயே என்றான். சாவி இல்லை என்று பார்த்ததும் சிரிப்பு நின்றது. வேகமாக வந்து சுனிதாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

சுனிதா ஒரு நாளும் தற்காப்பு பயின்றதில்லை. ஆனால் முதல் ஞாயிறு முழுக்கப் பதினெட்டுப் பெண்களிடம் அடி வாங்கியிருந்தாள். எந்த அடி வந்தால் பிடித்த கை தானாக விடும், எந்த அடிக்குப் பஞ்சையும் மீறி மூச்சு நிற்கும் என்பது அந்தப் பதினெட்டுப் பேரையும் விட அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருகி உருவினாள். உள்ளங்கையால் மூக்கில் ஒன்று கொடுத்தாள். பழக்கதோஷத்தில் "ஸாரி" என்றாள். மண்ணில் உட்கார்ந்திருந்த மாஸ்டர், முழங்காலைப் பிடித்துக்கொண்டே, இடுப்பைத் திருப்பு, முழங்கை, முழங்கை என்று சொல்லிக்கொடுத்தார். விலாவில் முழங்கை இறங்கியது. இன்னொரு "ஸாரி". கடைசியில் குதிகாலை அவன் பாதத்தில் இறக்கினாள். அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மாஸ்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். லட்சுமம்மா துடைப்பத்தை அவன் குறுக்கே வைத்து அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டாள்.

ஹொய்சாலா ரோந்து வண்டி பத்து நிமிஷத்தில் வந்தது. தரையில் இரண்டு ஆண்கள் இருந்ததால் போலீஸ்காரர்கள் இருவரையுமே ஏற்றிக்கொண்டார்கள்.

காவல் நிலையத்தில் மாஸ்டரின் நிலைமைதான் முதலில் சிக்கலாயிற்று. தன் நேர்மையை நிரூபிக்க அவர் சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்து அங்கிருந்த பெண் சப் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் சத்தமாகப் படித்தார். செவ்வாய்: பெண் ஐந்து நாற்பத்திரண்டுக்குப் புறப்படுகிறாள், தனியாக, பை இடது தோளில். புதன்: மதிலருகே வேகம் கூடுகிறது, மூன்றாம் கம்பத்தருகே இருட்டு, ஒருவன் மறைந்து நிற்கத் தோதான இடம். படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பயிற்சிக்காக என்று மாஸ்டர் சொன்னார். என்ன பயிற்சி என்று அவர் கேட்டார். மாஸ்டர் விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. நைட்டிமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு காரில் வந்த நிருபமா, நோட்டு வைத்திருப்பவர்தான் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அவருக்குக் காபி கொடுத்தார்கள்.

மற்றவன் ஒரு கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவில் இருக்கிறவன். தான் ஒரு பொறுப்புள்ள குடிமகன் என்று அமைதியாகச் சொன்னான். சப் இன்ஸ்பெக்டர் பெண்களைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, அவன் என்ன சொல்வான், எப்படிச் சொல்வான் என்று சொல்லிக்காட்டச் சொன்னார். ஐந்து பேரும் சொல்லிக்காட்டினார்கள். லட்சுமம்மா உட்பட ஐந்து குரல்களும் லோன் கொடுக்கிற பெண்ணைப் போலவே ஒலித்தன. பிறகு அவனைச் சொல்லச் சொன்னார். அவன் குரலை மாற்றி, கட்டையாக, "ஹலோ மேடம்" என்றான். அவர் எழுதிக்கொண்டார். அரைமணி கழித்து அவன் ஒரே ஒரு போன் பண்ண அனுமதி கொடுத்தார். போனை எடுத்தது அவன் ஆபீஸ் மேலாளர், ஒரு பெண்மணி. அவன் தன்னை மறந்து, இரண்டே வார்த்தைகளைக் கனிவாகச் சொன்னான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களும் எழுந்து நின்றார்கள்.

சுனிதா புகாரில் கையெழுத்துப் போட்டாள். வழக்கு பதிவாயிற்று, இன்னும் நடக்கிறது. இரண்டு முறை கோர்ட்டுக்குப் போய் வந்தாள். ரவிக்குமார் கூடப் போனான். அவன் இந்தத் தடவை வேலையை விடச் சொல்லவில்லை; முழங்கை அடியை வீட்டில் ஒருமுறை செய்துகாட்டச் சொன்னான், பிறகு ஏன் சொன்னோம் என்று வருந்தினான்.

மூன்றாவது ஞாயிறு மாஸ்டர் நொண்டிக்கொண்டே வந்தார். லட்சுமம்மாவையும் மற்றப் பெண்களையும் வகுப்புக்கு அழைத்திருந்தார். குடியிருப்பைச் சேராதவர்களை க்ளப் ஹவுசுக்குள் விடுவதற்குக் கமிட்டியின் அனுமதி வேண்டும், கமிட்டி அடுத்த மாதம்தான் கூடுகிறது என்று ஸ்ரீலக்ஷ்மி வருத்தத்தோடு தெரிவித்தார். அப்படியானால் வகுப்பு வெளியே என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கேட்டைத் தாண்டி நடந்தார். நிருபமா போனாள். அன்று அறை வாங்கி அழுத பெண்மணி போனார். கொஞ்சம் கொஞ்சமாகப் பதினாறு பேர் போனார்கள். மயில் படத்துக்குக் கீழே வகுப்பு நடந்தது. நிறையப் பேருக்கு வெறும் தெருவில் நிற்பதே புதிதாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாதி வகுப்பில் ஸ்ரீலக்ஷ்மி புது ஷூ போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். சுனிதா அவர் எதிரில் போய், ஃபோர்த் கிராஸ் எங்கே என்று கேட்டாள். ஸ்ரீலக்ஷ்மியின் கை பாதி உயர்ந்தது. உதடுகள் அசைந்தன. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு போனை மார்போடு அணைத்து, இரண்டடி பின்னால் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது. தள்ளி நில்லுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்கே வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அந்த வாரம் அவர் விளக்குக் கம்பங்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் பதினொன்று. மூன்றாவது கடிதத்திலேயே இரண்டு விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. மீதி எட்டும் ஒரே ஒரு கம்பத்துக்காக.

அதற்கப்புறம்தான் சுனிதாவுக்குப் புதுத் தொந்தரவு ஆரம்பித்தது. எல்லாரும் அவளுக்குத் துணைக்கு வந்தார்கள். திங்கள், புதன் நிருபமா ஐந்து மணிக்கே எழுந்து ஈஜிபுரா வரை வந்து அவளோடு நடந்தாள். செவ்வாய், வியாழன் மாஸ்டர் இருபதடி முன்னால் நடந்தார். இந்தத் தடவை முன்னால். வெள்ளிக்கிழமை ஐந்தாவது மாடி வீட்டம்மா வந்து, அந்த வாரத்துக் காய்கறி பற்றிப் பேசினார். துணைக்கு யார் எந்த நாள் என்று முடிவு செய்ய வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் சுனிதாவையும் சேர்த்தார்கள். காலை நாலரைக்கே போன் டிங் டிங் என்றது.

நிருபமா நல்லவள். ஆனால் நடக்கும்போது நிறையப் பேசுவாள். ஆபீஸ், மாமியார், வலது முட்டியில் வலி, பதினோரு வருஷமாகக் கேட்காததற்கு மன்னிப்பு. மன்னிப்பு மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. சுனிதா மூன்று வாரம் பொறுத்தாள். நான்காவது வாரம் புதன்கிழமை, டீக்கடை முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டீங்களே."

கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று நிருபமா சொன்னாள். முகம் ஏற்கெனவே வாடிவிட்டது.

"வீட்ல அவரு, புள்ளைங்க, மாமியா. அங்க மூணு வீடு. நாள் பூரா யாராச்சும் சுனிதா சுனிதான்னு கூப்டுட்டே இருக்காங்க. இந்த இருவது நிமிஷந்தான் யாரும் கூப்டமாட்டாங்க. அதக் கெடுக்கறானேன்னுதான் எனக்கு அவன் மேல அவ்ளோ ஆத்திரம்."

நானும் அப்படித்தானா என்று நிருபமா கேட்டாள். சுனிதா இரண்டு டீ சொன்னாள். குடித்து முடிக்கிற வரைக்கும் நிருபமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து சுனிதா பார்த்ததில்லை; முதல் தடவையாக அவள் கூட இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு, நீ முன்னால் போ, நான் பத்து நிமிஷம் கழித்து வருகிறேன் என்று நிருபமா சொன்னாள். நீங்கள் தனியாக எப்படி வருவீர்கள் என்று சுனிதா கேட்டாள். நடந்துதான் என்றாள் நிருபமா.

சுனிதா கிளம்பினாள். மதில் பக்கம் வந்தபோது வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. லட்சுமம்மா எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். சுனிதா பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்றைக்கு உப்புமாவா இட்லியா என்று யோசித்துக்கொண்டே, அவசரமில்லாமல் நடந்தாள்.